தொட்டிக்கு ஒரு விரிப்பு

18-4-79, புதன்

வண்டி வந்துவிட்டது.

காலையில் பஸ் ஏறிப் போன பாவா மத்தியானம் தானே ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் வாடகைப் பாத்திரக் கடை வாசலில் நிறுத்தினார். பழைய ஜீப்பின் பின்பாதியை வெட்டி எடுத்துவிட்டு, அங்கே இரும்புத் தொட்டி வைத்துக் கட்டிய பிக்கப். நகரி பக்கம் ஒரு மாம்பழ வியாபாரி வைத்திருந்ததாம். தொட்டிக்குள் தலையை நீட்டினால் இன்னும் பழ வாசனை அடிக்கிறது. தெருவே கூடி வந்து பார்த்தது. பாவா ஹாரனை நாலு தடவை அடித்துக் காட்டினார். ஒரு தடவை போதாதா?

(புருஷனைப் பாவா என்று எழுதுகிறேனே என்று எனக்கே சிரிப்பாக இருக்கிறது. அத்தை மகன். பாவாடை கட்டின நாளிலிருந்து அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டது. தெருவுக்கு அவர் கஜபதி, எனக்குப் பாவாதான்.)

இத்தனை வருஷமும் அண்டா, தவலை, குண்டான் எல்லாவற்றையும் கைவண்டியில் ஏற்றித் திருத்தணி மலைமேல் கொண்டு போனோம். என் தம்பி வேணு பின்னால் தள்ள, பாவா முன்னால் கயிற்றைத் தோளில் போட்டு இழுப்பார். கல்யாணம் வாடகைக்கு எடுத்தவர்களுக்கு, இடுப்பு வலி எங்களுக்கு. அதனால்தான் நானும் சரி என்றேன். ஆனால் ஒரே ஒரு நிபந்தனை.

"பாத்திரம் நசுங்கினா வண்டிய வித்துடணும். ஆவணி வரைக்கும் பாப்பேன்."

"ஆங், ஆங்" என்றார். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

21-4-79, சனி

முதல் சவாரி. நாளை மலைமேல் ஒரு கல்யாணம். மலைப்பாதையின் முதல் வளைவு திரும்பியதுமே தொட்டிக்குள் பாத்திரங்கள் ஒன்றோடொன்று மோதிப் போட்ட சத்தம் கீழே கடைவரை கேட்டது. வழியில் நின்ற மொட்டைத் தலைக்காரர் ஒருவர் சாமி ஊர்வலம் வருகிறதோ என்று கையெடுத்துக் கும்பிட்டாராம். வேணு சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

23-4-79, திங்கள்

பாத்திரம் திரும்பி வந்ததும் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, விரலால் தட்டி, ஒடுக்கு விழுந்திருக்கிறதா என்று சோதிப்பது எங்கள் வழக்கம். பழைய ஒடுக்கெல்லாம் எனக்கு மனப்பாடம். புதிது இருந்தால் எடுத்தவர்கள்தான் பொறுப்பு. இன்று பெரிய அண்டாவில் இரண்டு, தவலையில் ஒன்று. வழக்கம்போலக் கேட்டேன். கல்யாண வீட்டு அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்:

"ஏம்மா, எறக்கும்போதே இப்டிதான் இருந்துது. உங்க வண்டி இடிச்சதுக்கு நாங்க இன்னா பண்றது?"

வாயை மூடிக்கொண்டேன். நானாவது வாயை மூடுவதாவது! அந்த அளவுக்கு நியாயம் அவர் பக்கம் இருந்தது.

24-4-79

தொட்டிக்கு ஏதாவது விரிப்புப் போட்டே ஆக வேண்டும். என்ன போடுவது?

29-4-79, ஞாயிறு

யோசனை கேட்டால் ஊரே சொல்கிறது. அரக்கோணம் ரோட்டில் லாரிக்குப் பாடி கட்டுகிறவர், கனமான தகடு ஒன்றை மேலே பற்றவைத்தால் தொட்டி ஆயுசுக்கும் கெடாது என்கிறார். தொட்டி கெடாது, சரி. என் அண்டா? பாவா நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "அவரு வண்டிய காப்பாத்த சொல்றாரு, நீ பாத்திரத்த காப்பாத்த சொல்ற" என்றார். ஆமாம், அதுதான் சங்கதி. வண்டிக்கு விரிப்பு வேறு, வண்டியில் போகிறதற்கு விரிப்பு வேறு.

பலகை அடிக்கலாம் என்கிறான் வேணு. பலகைக்கும் அண்டாவுக்கும் அப்படி என்ன சிநேகிதம்? அதுவும் இடிக்கும்.

6-5-79, ஞாயிறு

வைக்கோல் போட்டுப் பார்த்தோம், மேலே சாக்கு. சத்தம் அடங்கியது. ஒடுக்கும் இல்லை. ஆனால் கழுவின பாத்திரத்தின் ஈரமெல்லாம் இறங்கி மூன்றாம் நாளே நாறியது. நெய் தூக்கில் ஒட்டிய வைக்கோலைப் பிரிக்க நான் பட்ட பாடு! இன்று காலை சாக்கைத் தூக்கினால் அடியில் பக்கத்து வீட்டுக் கோழி முட்டையிட்டு வைத்திருக்கிறது. பாவா அந்த முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "வண்டி வந்த ராசி பாத்தியா" என்கிறார்.

வைக்கோலைக் கொட்டச் சொன்னேன். முட்டையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன்.

14-5-79, திங்கள்

பாவா மெட்ராஸ் புதுப்பேட்டைக்குப் போய் ரப்பர் பட்டை ஒன்று சுருட்டிக்கொண்டு வந்தார். துறைமுகத்தில் மூட்டைகளை நகர்த்திக்கொண்டு போகுமே, அந்தப் பட்டையாம். விரலளவு கனம். அளவெடுத்து வெட்டித் தொட்டியில் விரித்ததும் அப்படியே உட்கார்ந்துகொண்டது. தண்ணீர் ஊற்றினால் வழிந்து போகிறது. ஓட்டிப் பார்த்தோம். சத்தம் இல்லை. பாவா முகத்தில் பெண்ணுக்கு வரன் அமைந்த களை.

நானும் மனசுக்குள் சந்தோஷப்பட்டேன். வெளியே காட்டவில்லை. காட்டினால் இன்னும் நாலு ஹாரன் அடிப்பார்.

20-5-79, ஞாயிறு

ரப்பரும் போச்சு.

நேற்று வெயிலில் மூன்று மணி நேரம் பாத்திரத்தோடு வண்டி நின்றிருக்கிறது. சூடேறி, வாசனை முழுக்கப் பாத்திரத்தில் ஏறிவிட்டது. புளி போட்டுத் தேய்த்தும் போகவில்லை. சமையல்காரர் பாயசத்தை ஒரு வாய் வைத்துவிட்டு, "கஜபதி, இது சேமியா பாயசமா, டயர் பாயசமா?" என்று பந்தி நடுவில் கேட்டாராம். பாவா சாப்பிடாமலே வீட்டுக்கு வந்துவிட்டார்.

27-5-79, ஞாயிறு

இன்று பாவாவுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். வலது தோளில் கைவண்டிக் கயிறு அழுந்தி அழுந்திக் கறுத்துக் காய்த்துப் போயிருந்த இடம் இளகியிருக்கிறது. ஒரு மாசம்தான் ஆகிறது, தோல் புதிதாக வருகிறது. தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்த நிபந்தனையைப் போட்டிருக்கவே கூடாது. இப்போது எப்படித் திரும்ப வாங்குவது?

7-6-79, வியாழன்

மனசு ஆறவில்லை. எழுதினால்தான் அடங்கும்.

இன்று ரத்தினம்மாள் மகள் சந்திராவுக்குக் கல்யாணம். நூல் வியாபாரக் குடும்பம், நெசவுக்காரத் தெருக்கள் எல்லாம் அந்த அம்மாள் சொல் கேட்கும். அங்கே பேர் வாங்கினால் பத்து வீடு தேடி வரும். பாத்திரம், வீட்டு வாசலில் பந்தல், மாப்பிள்ளையின் ஊரான பள்ளிப்பட்டுக்குச் சீர் ஏற்றிப் போவது, மூன்றும் எங்கள் பொறுப்பு. தாலி கட்டி, சாப்பாடு முடிந்து, சீர் ஏற்றும் நேரம். ரத்தினம்மாள் பித்தளைக் குடங்களைக் காட்டி, "ஒரு ஒடுக்கு உழக்கூடாது தேவகி, சம்பந்தி ஊட்ல என் மானம் போயிடும்" என்றார்.

ரப்பரும் இல்லை, வைக்கோலும் இல்லை. வேணு வந்து காதில் சொன்னான்: "அக்கா, பந்தலுக்கு முடைஞ்ச பச்சக் கீத்து மீந்து போச்சு. நாலு அடுக்கு போட்டா மெத்த மாதிரி இருக்கும்."

"போடுடா" என்றேன். நான்தான் சொன்னேன். தென்னங்கீற்று எங்களுக்குச் சோறு போடுகிற பொருள். வருஷம் பூராவும் அதைத் தொட்டுக்கொண்டே இருக்கிறவர்களுக்கு அதில் வேறெதுவும் தோன்றவில்லை.

வேணு அடுக்கினான். நுனியெல்லாம் பின்னால் தொங்கியது. பாவா காலையிலேயே ஆசை ஆசையாக வண்டியைச் சுற்றிச் சாமந்தி மாலை கட்டியிருந்தார். சீர்க்கட்டிலை நீளவாக்கில் ஏற்றினார்கள். மெத்தை வெயிலில் வெளுத்துவிடக் கூடாது என்று யாரோ வெள்ளை வேட்டியால் மூடினார்கள்.

மாப்பிள்ளையின் அத்தை கௌரியம்மாள் பந்தலை விட்டு வெளியே வந்தார். பார்த்தார். கையிலிருந்த தாம்பூலத் தட்டு கீழே விழுந்தது.

"அடப் பாவிங்களா! கல்யாண ஊட்டு வாசல்ல பாடை கட்டிகினு நிக்கிறீங்களே!"

அப்புறம்தான் எனக்கே கண் தெரிந்தது. பச்சைக் கீற்று, பூமாலை, வெள்ளைத் துணி, நீளமாக ஒரு கட்டில். ஐயோ. ஐயோ முருகா. சங்கு ஊதுகிறவர் ஒருத்தர்தான் குறைச்சல்.

என் வாய் சும்மா இருக்குமா? "இதே கீத்துக்குக் கீழதாங்க இப்ப தாலி கட்டினாங்க, அப்ப ஒண்ணும் சொல்லலியே" என்றேன்.

"மேல இருந்தா பந்தல். கீழ இருந்தா பாடை. இதுகூட தெரியாம கல்யாண வேலைக்கு வந்துட்டியா?"

அந்த அம்மாள் சொன்னது சரி. அதுதான் இன்னும் சுடுகிறது. மணப்பெண் சந்திரா மாலையும் கழுத்துமாக நின்று என்னையே பார்த்தாள். ரத்தினம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சீரையெல்லாம் இறக்கி, இரண்டு மாட்டு வண்டி பிடித்து அனுப்பினார்கள். நாங்கள் கீற்றை உருவிப் போட்டுவிட்டு வெறும் வண்டியோடு வந்தோம்.

அந்தப் பொண்ணுக்கு ஒரு தலைவலி வந்தாகூட நம்ம தலையிலதான் விடியும். அவ நல்லா இருக்கணும். நல்லா இருக்கணும்.

15-6-79, வெள்ளி

வண்டிக்குப் பேர் வைத்துவிட்டார்கள். பாடை வண்டி. டீக்கடையில் சொல்லிச் சிரித்ததை வேணு கேட்டு, சண்டை போட்டு, சட்டை கிழிந்து வந்திருக்கிறான். பாவா மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கற்பூரம் காட்டினார். வண்டிக்குத் திருஷ்டி கழியும். ஊர் வாய்க்கு?

3-7-79, செவ்வாய்

ஆவணிக் கல்யாணத்துக்குப் பாத்திரம் கேட்டு ஒருவர் வந்தார். எல்லாம் பேசி முடித்துவிட்டு எழுந்திருக்கும்போது, "வண்டி மட்டும் வேணாங்க, பாத்திரத்த நாங்களே ஆள வெச்சி தூக்கிக்கிறோம்" என்றார். பாவா உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

ராத்திரிச் சாப்பாட்டில் அவர் சொன்னார்: "வித்துடலாம் தேவகி. கைவண்டி எங்கியும் போவல, கொல்லைலதான கீது."

நான் கேட்டிருந்த வார்த்தைதான். கிடைத்ததும் தட்டைத் தள்ளி வைத்தேன். "ஆவணி முடியட்டும்" என்று மட்டும் சொன்னேன்.

5-8-79, ஞாயிறு

ஆடி மாசம். கல்யாணம் கிடையாது. காலையிலிருந்து, பட்டறையில் ஒடுக்கு எடுத்து வந்த பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். பாவா கொல்லையில் கயிற்றுக் கட்டிலை விட்டு எழுந்து வந்து, சித்தூர்க்காரர் ஒருவர் வண்டியைக் கேட்கிறார், செங்கல் ஏற்றவாம், கொடுத்துவிடலாமா என்றார்.

"ஆவணி வரைக்கும்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்னதே நீதான, நசுங்கினா வித்துடணும்னு."

கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று எனக்கே தெரியாது. கையிலிருந்த தவலையைத் தூக்கி எறிந்தேன். அது அவர் எழுந்து வந்த கட்டிலில் போய் விழுந்தது.

சத்தமே வரவில்லை.

இரண்டு பேரும் தவலையைப் பார்த்தோம். அது கட்டிலில் ஒரு தடவை எழும்பி, உருண்டு, ஓரச் சட்டத்தில் சாய்ந்து நின்றது. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பாவா என் கையிலிருந்து வாங்கி, தானும் ஒரு தடவை எறிந்தார். பிறகு பெரிய குண்டானை எறிந்தார். வேணு ஓடி வந்து, சண்டை முற்றிவிட்டது என்று நினைத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

9-8-79, வியாழன்

வேப்பமரச் சட்டத்தில் தொட்டிக்குள் சரியாக இறங்குகிற மாதிரி ஒரு கட்டில். அரை முழ உயரக் கால். காலுக்கு அடியில் ரப்பர் பட்டைத் துண்டு. பாத்திரத்தில் படாது, இரும்பு இடிக்காது. அந்தப் பட்டைக்கு இப்போதுதான் ஒரு வேலை கிடைத்தது. மேலே தேங்காய் நார்க் கயிறு. ஈரம் கீழே ஓடிவிடும். தூக்கிக் கழுவி, சுவரில் சாய்த்து வெயிலில் வைக்கலாம்.

முதலில் கட்டியது பாரம் ஏற்றியதும் தொய்ந்து தரையில் இடித்தது. வேணு பிரித்துவிட்டு இரட்டைக் கயிறாக நெருக்கிக் கட்டினான். நடுவில் ஒரு குறுக்குச் சட்டம் வைக்கச் சொன்னேன், மேலே பழைய ஜமுக்காளத்தைச் சுற்றி. என் யோசனை. இங்கே எழுதி வைக்கிறேன், பின்னால் பாவா தன் யோசனை என்பார்.

6-9-79, வியாழன்

வண்டி மலைமேல் போய் வந்தது. பாத்திரம் இறக்கி, ஏற்றி, திரும்பி வந்து, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பித் தட்டிப் பார்த்துவிட்டேன். புது ஒடுக்கு ஒன்றுகூட இல்லை. பாவா எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு தட்டலுக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பரீட்சை முடிவு பார்க்க வந்தவர் மாதிரி.

கடைசிப் பாத்திரமும் முடிந்தது. "சித்தூர்க்காரருக்கு வேற வண்டி பாத்துக்கச் சொல்லுங்க" என்றேன். எழுந்து போய் ஹாரன் அடித்தார். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை.

18-11-79, ஞாயிறு

வெளியூர்க்காரர்கள் வண்டியோடு சேர்த்தே கேட்கிறார்கள். உள்ளூரில்தான் அந்தப் பேர் போக மாட்டேன் என்கிறது. நெசவுக்காரத் தெருக்களிலிருந்து ஒருவரும் வரவில்லை. கடைத்தெருவில் ரத்தினம்மாளைப் பார்த்தேன். தலையை அசைத்தார், நிற்கவில்லை. சந்திரா முழுகாமல் இருக்கிறாளாம், பூக்காரம்மாள் சொன்னாள். கேட்டதும் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். சந்தோஷம்தான். பயமும்தான்.

24-2-80, ஞாயிறு

கடை வாசலில் யாரோ வந்து நிற்கிறார்கள் என்று நிமிர்ந்தால் கௌரியம்மாள்.

எழுந்த வேகத்தில் மடியிலிருந்த கரண்டியெல்லாம் சிதறியது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நேரே வண்டிக்குப் போய், தொட்டிக்குள் கையை விட்டுக் கயிற்றை அமுக்கிப் பார்த்தார். இன்னொரு இடத்தில் அமுக்கினார்.

"வர வெள்ளி உட்டு அடுத்த வெள்ளிக்கிழம சந்திராவுக்கு எங்க ஊட்ல வளகாப்பு. முடிஞ்சதும் அம்மா ஊட்டுக்கு இட்டுகினு வரணும். பஸ்ல குலுங்குதுன்னு டாக்டரம்மா வேணாம்னுட்டாங்க. அவதான் சொன்னா, இந்த வண்டில கட்டில் கட்டி வெச்சிருக்காங்கன்னு. போன வாரம் எங்க தெரு கல்யாணத்துக்கு வந்துதாமே, பாத்துகினு நின்னாளாம்."

அவளாகவே கேட்டாளா? சந்திராவா!

"நான் ஒக்காந்து பாக்காம அவள ஏத்த மாட்டேன்" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு, வேணு போட்ட முக்காலியில் கால் வைத்து ஏறி, நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "இருக்கிறதுலயே மோசமான ரோட்ல ஓட்டு" என்று பாவாவுக்கு உத்தரவு. கே.ஜி.கண்டிகை பக்கம் குழி குழியாகக் கிடக்கும் பாதையில் பாவா கொண்டு போனார். நான் வாசலிலேயே நின்றேன்.

திரும்பி வரும்போது கௌரியம்மாள் காலை நீட்டிப் பக்கச் சட்டத்தில் சாய்ந்திருந்தார். இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு, "மேல ஒரு மெத்த போடு, தலைக்கு ரெண்டு தலாணி" என்றார். போகும்போது திரும்பி, "பூமாலயெல்லாம் கட்ட வேணாம்" என்றார். சிரித்தாரா? சிரித்த மாதிரிதான் இருந்தது.

7-3-80, வெள்ளி

போய் இட்டுகினு வந்தாச்சு.

மேலே வெயிலுக்கு நீல நிற ஜமுக்காளம் கட்டியிருந்தோம். பாவா பள்ளிப்பட்டு வரைக்கும் ஒவ்வொரு குழியாகப் பார்த்து மெதுவாக ஓட்டினார். சந்திராவை நானும் கௌரியம்மாளும் இரண்டு பக்கமும் பிடித்து ஏற்றினோம். முழங்கை வரை கண்ணாடி வளையல், கன்னத்தில் சந்தனம். கௌரியம்மாள் முன்னால் ஏறிக்கொண்டார். நான் பின்னால், அவள் தலைமாட்டில். ஊர் தாண்டும்வரை வளையலைத் தடவிக்கொண்டு ஏதேதோ பேசினாள். கல்யாணத்தன்று கௌரியம்மாள் போட்ட சத்தத்தில் சிரிப்பை அடக்க முடியாமல் தான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றதைச் சொன்னாள். அன்றைக்கு அவள் பார்வையை நினைத்து நான் எத்தனை நாள் தூங்கவில்லை! அவளிடம் சொல்லவில்லை. பேசிக்கொண்டே ஒரு பக்கமாகச் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

திருத்தணியில் வாசலில் ரத்தினம்மாள் ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தார். தெருவில் நெசவுக்கார வீட்டுப் பெண்கள் எல்லாம் இருந்தார்கள். வண்டி நின்றது. பாவா பின்கதவைத் திறந்தார். உள்ளே சந்திரா அசையாமல் படுத்திருந்தாள், கை இரண்டும் வயிற்றின்மேல். ரத்தினம்மாள் முகம் ஒரு நொடி வெளுத்துவிட்டது. தட்டில் ஆரத்தித் தண்ணீர் தளும்பியது.

"சந்திரா" என்றார், குரலே இல்லாமல்.

அவள் கண்ணைத் திறந்தாள். வளையல் சலசலக்கச் சோம்பல் முறித்தாள்.

"அதுக்குள்ள வந்துட்டமா, அம்மா?"

ரத்தினம்மாள் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு அப்படியே வண்டியில் சாய்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர். பிறகு தட்டை வாங்கி மகளுக்குச் சுற்றினார். சுற்றி முடித்து, மிச்சமிருந்த ஆரத்தியில் விரலைத் தோய்த்து, வண்டியின் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்தார். கூட்டத்திலிருந்த பெண் ஒருத்தி, சித்திரையில் தன் மகளுக்குக் கல்யாணம், வண்டி கிடைக்குமா என்று பாவாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் என்னைப் பார்த்தார். நான்தான் சரி என்று சொன்னேன்.